மெதுவான வண்டி முன்னால் போகட்டும்

எலேகு எல்லையில் லாரி ஓட்டிய எங்களில் கின்யேராவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. 'ஓபுக்' என்போம். அவனுடைய அச்சோலி மொழியில் ஆமை என்று அர்த்தம். வண்டி அப்படி. சிமென்ட் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால், விறகுக்கட்டைத் தலையில் வைத்து நடந்து போகிற பெண்கள் அவனைத் தாண்டிப் போவார்கள். போகிற போக்கில் ஏதாவது கேலி சொல்வார்கள். அவனும் ஜன்னலில் தலையை நீட்டி, "விறகை வண்டில போட்டுட்டு வாங்க, சேர்ந்தே நடப்போம்" என்பான்.

நான் லுப்வாமா. கம்பாலாவிலிருந்து ஜூபாவுக்கு ஸ்பாஞ்சு மெத்தை ஏற்றிப் போகிறவன். பார்க்க மலைபோல லோடு இருக்கும், எடை ஒன்றுமிருக்காது. கின்யேராவுக்கு நேர்மாறு. எங்கள் சிநேகமே அதில்தான் ஆரம்பித்தது. "உன் லோடுல பாதியை எனக்குத் தந்துட்டு, என் லோடுல பாதியை நீ எடுத்துக்கிறியா?" என்று முதல் தடவை பார்த்தபோதே கேட்டான்.

எலேகு, உகாண்டாவின் கடைசி ஊர். அதைத் தாண்டினால் நிமுலே, தெற்கு சூடான். நிமுலேயிலிருந்து ஜூபாவுக்கு நல்ல தார் ரோடு. காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் ரோட்டின் இரு பக்கமும் ஆள் உயரப் புல். சண்டை ஓய்ந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன வருஷங்களிலும் அந்தப் புல்லுக்குள் துப்பாக்கியோடு யாராவது இருந்தார்கள். யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். எங்களுக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அதனால்தான் கான்வாய் வந்தது. நிமுலே மைதானத்தில் லாரிகள் சேரும். ராணுவ ஜீப் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் நாங்கள். எல்லாரும் நடுவில் இடம்பிடிக்க முட்டி மோதுவோம். வேகமான வண்டிகள் முன் ஜீப்பை ஒட்டிப் பறக்கும், மற்றவை இழுபடும். ஊர் தாண்டியதும் வரிசை நூல் அறுந்த மாலைபோல ஆகிவிடும்.

முஸ்யோக்கா அப்படித்தான் செத்தான். மொம்பாசாவிலிருந்து மாவு மூட்டை கொண்டுவந்த கென்யாக்காரன், சிரித்த முகம். கடைசி லாரி அவனுடையது. மூன்று மாமரம் என்று நாங்கள் சொல்லும் வளைவுக்கு முன்னால் டயர் வெடித்தது. பின் ஜீப் கொஞ்சம் நின்று பார்த்தது, பிறகு வரிசையைப் பிடிக்க வேண்டுமென்று போய்விட்டது. மறுநாள் அந்த வழியே வந்தவர்கள் லாரியைப் பார்த்தார்கள். மூட்டை ஒன்றுகூடக் களவு போகவில்லை. முஸ்யோக்கா ஜாக்கிக்குப் பக்கத்தில் கிடந்தான்.

அன்றைக்கு நாங்கள் சாவியைக் கழற்றினோம். எலேகுவில் வண்டிகள் ரோட்டோரம் நிற்க ஆரம்பித்து, வரிசையின் வால் ஆற்றங்கரை வரைக்கும் நீண்டது. தக்காளி அழுகியது. ஓனர்கள் போனில் கத்தினார்கள். ஜூபாவில் வெங்காயம் கிடைக்கவில்லை என்று செய்தி வந்தது. ஒருவனும் நகரவில்லை. கடைசியில் நிமுலேயிலிருந்து கான்வாய் பொறுப்பில் இருந்த கேப்டன் மஜோக் எங்களோடு பேச வந்தார். நெட்டையான மனுஷன். உட்கார்ந்தாலும் நாங்கள் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

"முன்னாடி ரெண்டு ஜீப், பின்னாடி ரெண்டு ஜீப் தர்றேன். வேற என்ன வேணும் உங்களுக்கு? தாலாட்டா?" என்றார்.

ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். கின்யேரா மட்டும் எழுந்தான்.

"ஐயா, ஜீப் எத்தனை வந்தாலும் வேகமா போறவன் போயிட்டே இருப்பான், மெதுவா போறவன் பின்தங்கிட்டே இருப்பான். மெதுவான வண்டியை முன்னாடி விடுங்க. அது போற வேகத்துல எல்லாரும் போவோம். அப்போ யாரும் விட்டுப்போக முடியாது."

கூட்டத்தில் அப்திரஷீத் வாய்விட்டுச் சிரித்தான். கரிஸ்ஸா பக்கத்துச் சோமாலி. எண்ணெய் டின் ஏற்றுகிறவன். எங்களில் அவன்தான் வேகக்காரன், வாய்க்காரனும்கூட.

"அதாவது நாங்க எல்லாரும் இந்த ஆமை பின்னாடி ஊர்ந்து போகணும். ஜூபா போய்ச் சேர்றதுக்குள்ள என் தாடி நரைச்சிடும்."

"உனக்கு முதல்ல தாடி முளைக்கட்டும்டா" என்று யாரோ சொன்னார்கள். கேப்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. முன்னாடி யார் போறது? எந்த வண்டி மெதுவான வண்டி?" என்று கேட்டார்.

எல்லாரும் கின்யேராவையே பார்த்தோம். முதல் வண்டி என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அவன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "என்னோடதுதான், ஐயா" என்றான்.

அவன் மனைவி லாயெட் எலேகுவில் டீக்கடை வைத்திருந்தாள். சப்பாத்தியில் முட்டை சுருட்டித் தருவாள். லாரிக்காரர்கள் பாதிப் பேருக்குக் காலை வயிறு அவள் கையில்தான். செய்தி கின்யேராவுக்கு முன்னாலேயே கடைக்கு வந்துவிட்டது.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் நடுவுல போகச் சண்டை போடுறான்" என்றாள் அவனைப் பார்த்ததும். "என் புருஷன் மட்டும் முன்னாடி போறேன்னு கேட்டு வாங்கிட்டு வந்திருக்கான். சுடுறவன் முதல்ல யாரைச் சுடுவான்? சொல்லு."

"எனக்கு முன்னாடி ஜீப் இருக்குல்ல?"

"ஜீப்பு பறந்துடும். நீ ஊர்ந்துட்டு இருப்ப."

கின்யேரா பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றினான். பிறகு அவளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னான். "நம்ம ஊர்ல சண்டை நடந்தப்போ எங்கம்மா எள்ளு விக்க குலு டவுனுக்குப் போவா. அப்பவும் இதே மாதிரி கான்வாய்தான். கடைசி லாரில ஏற மாட்டா. அதுலதான் இடம் இருக்குன்னா வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் போவா. கெட்டிக்காரின்னு நான் நினைச்சுக்குவேன். ஆனா அந்தக் கடைசி லாரி காலியாவா போச்சு? யாரோ ஏறினாங்கல்ல?"

லாயெட் சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். அதற்குமேல் அவள் வாதாடவில்லை. ஆனால் அன்று முழுக்க அவனோடு பேசவும் இல்லை.

கான்வாய் ஊர ஆரம்பித்தது. ஜூபாவுக்கு மத்தியானம் போகிறவர்கள் சாயங்காலம் போனோம். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டித் தீர்த்தார்கள். கேப்டனின் ஜீப் ஓடும், நிற்கும், காத்திருக்கும், மறுபடி ஓடும். லாயெட் கடையில் பேசி இன்னொரு ஏற்பாடும் செய்துகொண்டோம். எவன் வண்டியாவது நின்றால் அவன் நீளமாக ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். அவனுக்கு முன்னால் போகிறவன் அதை வாங்கித் தானும் அடிக்க வேண்டும். அப்படியே முதல் வண்டி வரைக்கும் அது போக வேண்டும்.

மழைக்காலம் முடிகிற சமயம், புல் மஞ்சளாக ஆரம்பித்திருந்தது. மூன்று மாமரத்தைத் தாண்டி ஓர் இறக்கம். பின்னாலிருந்து அந்த ஹாரன் வந்தது. நான் வாங்கி அடித்தேன். என் முன்னால் போனவன் அடித்தான். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க நின்றது.

இறங்கி நடந்து முன்னால் போனேன். கின்யேரா தன் லாரியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தான். சிமென்ட் லோடோடு அந்த ட்ரெய்லர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அடைத்துக்கொண்டு நின்றது. சைக்கிள்கூடப் போக முடியாது. முன் ஜீப் திரும்பி வந்தது. கேப்டன் இறங்கினார்.

"வண்டியை எடு."

"எடுக்க முடியல, ஐயா."

"என்ன கோளாறு?"

"இந்த வண்டில ஒண்ணும் இல்ல. பின்னாடி ஒண்ணுல. கான்வாய்னா எல்லாம் சேர்ந்து ஒரே வண்டிதானே, ஐயா?"

அதற்குள் கேப்டனின் வயர்லெஸ்ஸில் பின் ஜீப் பேசியது. நின்றது அப்திரஷீத்தின் லாரி. ப்ரொப்பல்லர் ஷாப்டில் கிராஸ் உடைந்துவிட்டது. என்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றாது.

"அந்த ஆளை நம்ம ஜீப்ல ஏத்திக்கச் சொல்றேன்" என்றார் கேப்டன். "லாரி கிடக்கட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம். ஆள்தானே முக்கியம்?"

"அவன் வர மாட்டான், ஐயா. லாரி அவனோடது. அண்ணன் தம்பி எல்லாரும் ஒட்டகத்தை வித்து வாங்கினது. இறங்க மாட்டான்."

"அப்போ அது அவன் தலையெழுத்து."

கின்யேரா கேபினில் ஏறினான். கிளம்பப் போகிறான் என்று நினைத்தேன். அவன் என்ஜினை நிறுத்தினான். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டு இறங்கினான். கேப்டனின் கை இடுப்புக்குப் போனது. கை அங்கே கொஞ்சம் தயங்கி, பெல்ட்டைச் சரிசெய்துவிட்டுக் கீழே வந்தது.

"உனக்குப் பைத்தியமா? இந்த இடத்துல எல்லாரையும் நிக்க வெக்கிறியே?"

"ஒருத்தன் தனியா நின்னா பயம். எல்லாரும் நின்னா அவ்வளவு பயம் இல்ல, ஐயா."

நான் குறுக்கிட்டேன். "என் வண்டில வெறும் மெத்தை. அவன் வண்டியை நான் இழுத்துடுவேன். என்ஜின் ஓடுதுன்னா அவனுக்குப் பிரேக் பிடிக்கும். சங்கிலி இருக்கு."

கேப்டன் மேற்கே பார்த்தார். "சூரியன் அந்தப் பனைக்குக் கீழ போறதுக்குள்ள முடியணும். இல்லேன்னா உன் லாரியை ஓரமா உருட்டிட்டு நான் போயிட்டே இருப்பேன்" என்றவர், ஜவான்களை இரு பக்கமும் பிரித்து நிறுத்தினார்.

கின்யேரா பின்னால் நடந்தான். நான் வண்டியை ஒதுக்கி ரிவர்ஸில் கொண்டுபோனேன். அப்திரஷீத் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நீ எதுக்கு வந்த?" என்று கத்தினான் கின்யேராவைப் பார்த்ததும். "போ! என் ஒருத்தனுக்காக எல்லாரும் சாகணுமா? போடா ஆமை!"

"ஜாக்கி எங்க வெச்சிருக்க?" என்றான் கின்யேரா.

அவன் லாரிக்கு அடியில் படுத்தான். நானும் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னும் நாலு தலைகள் உள்ளே வந்தன. ஒருவன் ஸ்பேனர் பிடிக்க, ஒருவன் டார்ச் அடிக்க, அப்திரஷீத்தும் வந்து படுத்தான். யார் யாரோ கை. தொங்கிய ஷாப்டைக் கழற்றி வெளியே இழுத்தபோது, மேலே ஒரு ஜவான் மெதுவாக, "அசையாதீங்க" என்றான்.

பின்பக்கம், நிமுலே வழியிலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். பின் சீட்டில் இருந்தவர்கள் தோளில் துணி சுற்றிய ஏதோ நீளமாக இருந்தது. மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் லாரிக்கு அடியிலிருந்து அவர்களின் சக்கரங்களைப் பார்த்தோம். ஒன்றை ஒன்று ஒட்டி நின்ற லாரிகள், கீழே இறங்கி நிற்கிற இத்தனை ஆட்கள், இரு பக்கமும் ஜவான்கள். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. வேட்டைக்காரர்களாகக்கூட இருக்கலாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார்கள். சத்தம் தேய்ந்து போன பிறகும் கொஞ்ச நேரம் எவனும் ஸ்பேனரைத் தொடவில்லை.

சங்கிலி கட்டி இழுத்தேன். மேட்டில் என் என்ஜின் கதறியது. கின்யேரா வழக்கத்தைவிட மெதுவாகப் போனான். இருட்டுவதற்கு முன் ஜூபாவுக்கு வெளியே செக்போஸ்டில் நின்றோம். அப்திரஷீத் இறங்கி, ரோட்டோரம் துண்டை விரித்துத் தொழுதான். முடித்து எழுந்தவன் எங்கள் பக்கம் வரவில்லை. லாரி டயருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

ரோட்டை மறித்த சமாசாரம் மேலே போனது. அடுத்த தடவை நிமுலேயில் கின்யேராவின் லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். அவன் இனி இந்த ரோட்டில் வண்டி ஓட்டக் கூடாது. ஓனர் லாரியை வேறு ஆளுக்குக் கொடுத்தார். கின்யேரா லாயெட்டின் கடையில் வெங்காயம் நறுக்கினான். அதையும் மெதுவாகத்தான்.

"ஒரு வெங்காயத்துக்கு இவ்வளவு நேரமா? கான்வாய் வெக்கணும்போல" என்று லாயெட் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஒருநாள் காலை நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்திரஷீத் வந்தான். கையில் ஒரு மூட்டை சர்க்கரை, ஒரு பெட்டி டீத்தூள். லாயெட்டின் முன்னால் வைத்தான்.

"இது எதுக்கு?" என்றாள் அவள்.

"உங்க கடைக்கு, அக்கா."

"என் கடைல சர்க்கரை இருக்கு. அவனுக்கு வேலைதான் இல்ல."

அப்திரஷீத் கின்யேராவின் எதிரே உட்கார்ந்தான். "கேளு. வரிசை மறுபடி கெட்டுப் போச்சு. மெதுவான வண்டி முன்னாடின்னு எல்லாரும் ஒத்துக்கிறாங்க. ஆனா எவனும் 'என் வண்டி மெதுவானது'ன்னு ஒத்துக்க மாட்டேங்கிறான். நீ வந்து நின்னு சொல்லு, யார் எங்க போகணும்னு."

"நான் யாரு சொல்றதுக்கு? எனக்கு வண்டியே இல்ல."

"அதனாலதான். வண்டி உள்ளவன் எவன் சொன்னாலும் தன்னை நடுவுல வெச்சுக்குவான். உனக்கு எங்க வெச்சுக்க இடம் இருக்கு?"

கின்யேரா லாயெட்டைப் பார்த்தான். "போ" என்றாள் அவள். "இங்க இருந்து என் வெங்காயத்தைக் கெடுக்காதே."

அப்படித்தான் அவன் நிமுலே மைதானத்துக்கு வந்தான். ஒவ்வொரு லாரியையும் சுற்றி நடப்பான். டயரை உதைப்பான், என்ஜினைப் போடச் சொல்லிக் காது கொடுப்பான். என்ன லோடு, பிரேக் எப்படி, போன மேட்டில் எந்த கியர் என்று கேட்பான். பொய் சொன்னவனிடம், "சரி, அப்போ கடைசில போ" என்பான். உடனே உண்மை வந்துவிடும். முதல் நாள் கேப்டன் அவனைப் பார்த்துவிட்டு ஜீப்பை நிறுத்தினார்.

"உன்னை ரோட்டுக்கு வரக் கூடாதுன்னுதானே சொல்லியிருக்கு?"

"ரோட்டுக்கு வரல, ஐயா. ஓரமாத்தான் நிக்கிறேன்."

கேப்டன் அவனையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஓரத்திலேயே நில்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு எந்த லாரி நின்றாலும் கான்வாய் நின்றது. சரிசெய்ய முடிந்தால் சரிசெய்தோம், முடியாவிட்டால் இழுத்துக்கொண்டு போனோம். இதற்கு உத்தரவு எதுவும் வரவில்லை. ஆனால் கேப்டன் ஒருதடவையும் எங்களை அவசரப்படுத்தவில்லை. மழை போய் வெயில் வந்து மறுபடி மழை வந்தது. முஸ்யோக்காவுக்குப் பிறகு ஒருவனும் தனியாகச் சாகவில்லை.

ஆனால் கிகுண்டு செத்தான். எங்கள் நடுவிலேயே, எல்லாரும் இருக்கும்போதே செத்தான். மசாக்கா ஊர்க்காரன், என் பாஷைக்காரன். பழைய லாரி, இரும்புக் கம்பி லோடு. கின்யேரா அவனை முதல் வண்டியாக விட்டான். ஒரு வளைவில் புல்லுக்குள்ளிருந்து சுட்டார்கள். ஜவான்கள் திருப்பிச் சுட்டதும் ஓடிவிட்டார்கள். சுட்டது கொஞ்ச நேரம்தான். கிகுண்டுவின் கண்ணாடி உடைந்திருந்தது. அவன் பிரேக்கை மிதித்து வண்டியை ஒழுங்காக நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்திருக்கிறான். அதனால் பின்னால் வந்த எவனும் மோதவில்லை.

கின்யேரா நிமுலேயில் இருந்தான். நான்தான் போன் செய்தேன். "செத்தது யாரு?" என்று கேட்டான். சொன்னேன்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் அவன் என்னைத் தேடி வந்தான். "மசாக்கா போகணும். எனக்கு உங்க பாஷை அரைகுறை. கூட வா."

"போய் என்ன சொல்லப் போற?"

"கேட்டா சொல்லணும். அதுக்குத்தான்."

வாழைத்தோப்புக்கு நடுவே தகரம் போட்ட வீடு. கிகுண்டுவின் மனைவி நம்பூசி வாசலுக்கு வந்தாள். எங்கள் பெண்கள் விருந்தாளி வந்தால் மண்டியிட்டு வணக்கம் சொல்வார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள். கின்யேரா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தன் பேரைச் சொன்னான்.

"அவரு உங்களைப் பத்திச் சொல்லியிருக்காரு" என்றாள். "வரிசை போடுறவர்னு."

"ஆமாம்மா."

"அன்னைக்கு அவரை முன்னாடி விட்டது யாரு?"

நான் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கின்யேரா என் கையைத் தொட்டு நிறுத்தினான். அரைகுறை பாஷையிலேயே சொன்னான். "நான்தான். அவர் வண்டி மெதுவானது. பின்னாடி விட்டா விட்டுப் போயிடும்னு முன்னாடி விட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவனை உற்றுப் பார்த்துக் கேட்டாள். "அப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"மைதானத்துல."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். அதில் கோபம்கூட இல்லை, விவரம் கேட்டுக்கொண்டதுபோல இருந்தது. பிறகு உள்ளே திரும்பி, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவரச் சொன்னாள். வாழையிலையில் அவித்த மத்தோக்கே என்கிற வாழைக்காய் மசியலும் வேர்க்கடலைக் குழம்பும் வந்தன. வேண்டாமென்று சொல்ல முடியாது. நான் சாப்பிட்டேன். கின்யேரா ஒரு வாய்தான் எடுத்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் குலு தாண்டியதும் கேட்டேன். "விட்டுடப் போறியா?"

"விட்டா அடுத்த முஸ்யோக்கா யாரு?"

"அப்போ?"

பதில் மறுநாள் நிமுலேயில் தெரிந்தது. வரிசையைச் சரிசெய்துவிட்டு, முதல் லாரியின் இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டான். ஓட்டுநர், அந்த ரோட்டுக்குப் புதுப் பையன், திகைத்துப் போனான்.

"அண்ணே, நீங்க எங்க?"

"ஜூபாவுக்கு. உன்கூட."

"ஜூபால என்ன வேலை உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. போயிட்டு நாளைக்கு வர்ற கான்வாய்ல முன்னாடி உட்கார்ந்து திரும்புவேன்."

கேப்டனின் ஜீப் பக்கத்தில் வந்தது. மஜோக் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். ரோட்டில் ஏறக் கூடாதென்று உத்தரவு இருந்த ஆள், முதல் வண்டியில் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேப்டன் ஜீப்புக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவனிடம் நீட்டினார். பிறகு கிளம்பச் சொன்னார்.

லாயெட்டுக்கு நான் சொல்வதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைத் திட்டுவாள் என்று பயந்தபடிதான் போனேன். அவள் மாவு பிசைந்துகொண்டே சொன்னாள். "நம்பூசி வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொன்னான். நானா இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்." பிசைந்த கையை நிறுத்தாமலே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். "அவனுக்குச் சொல்லிடு. தினமும் சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் போன் வரணும். வரலேன்னா கடையைப் பூட்டிட்டு நானே கிளம்பி வருவேன்."

அன்றிலிருந்து கின்யேராவின் வாழ்க்கை அந்த ரோட்டில் போவதும் வருவதும்தான். எங்கள் லாரி ஓட்டுநர் சங்கம் அவனுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்தது. முதல் இடம் கிடைத்தால் முகம் சுண்டிப்போகிற ஓட்டுநர்கள், அவன் கூட வருகிறான் என்றால் சண்டை போடாமல் போனார்கள். அப்திரஷீத்கூட ஒருமுறை தன் வண்டியில் ஏதோ கோளாறு என்று பொய் சொல்லி முதல் இடத்தை வாங்கிக்கொண்டான். வழியெல்லாம் இருவரும் ஒட்டகம் பெரிதா, மாடு பெரிதா என்று சண்டை போட்டுக்கொண்டே போனதாகச் சொன்னார்கள்.

ரோடு முழுசாக நல்ல ரோடாகிவிடவில்லை. இன்னும் சில தடவை சுட்டார்கள். ஒரு தடவை கண்ணாடிச் சில்லு பட்டுக் கின்யேராவின் காதுமடல் கிழிந்தது. தையல் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் வந்தான். ஆனால் அவன் காலத்தில் எந்த லாரியையும் ரோட்டில் விட்டுவிட்டுக் கான்வாய் போனதில்லை.

அந்தப் புதுப் பையன், அவன் முதலில் ஏறிய லாரியின் ஓட்டுநர், பிற்பாடு எல்லாரிடமும் ஒன்று சொல்லித் திரிந்தான். "எனக்குக் கை நடுங்குது. பக்கத்துல பாத்தா அண்ணன் சீட்டுல சாஞ்சு கண்ணை மூடித் தூங்குறாரு. மூன்று மாமரம் போகுது, தூங்குறாரு. கிகுண்டு அண்ணன் செத்த வளைவு போகுது, தூங்குறாரு. இந்த மனுஷனே தூங்குறாருன்னா நமக்கென்னடா பயம்னு என் கை நேராயிடுச்சு."

நான் இதைக் கின்யேராவிடம் சொன்னேன். லாயெட் கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தூங்கலைடா. அந்தப் புல்லைப் பாக்க முடியல, அதான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"அவன்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லாதே" என்று சிரித்தான். "நல்லா ஓட்டுறான்."